உருவில் ஒன்று, இனத்தில் இரண்டு



பருத்தி பயிரிடும் உழவர் ஒருவரை அணுகி, காயைத் துளைத்து உண்ணும் பச்சைப் புழுவின் பெயர் என்ன என்று கேளுங்கள். "அமெரிக்கன் காய்ப்புழு" என்பார். துவரையும் கொண்டைக்கடலையும் விதைப்பவர்கள் அதனையே காய்த்துளைப்பான் என்பார்கள். தக்காளித் தோட்டத்தில் பழத்தைக் குடைவதும் அதுவே. இப்பெயர்களுள் முதலாவது பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தப் புழு அமெரிக்காவுக்கு உரியதன்று. ஆசியாவும், ஆப்பிரிக்காவும், தென் ஐரோப்பாவும், ஆஸ்திரேலியாவுமே அதன் பழைய இருப்பிடங்கள். அமெரிக்காவில் வாழ்ந்தது அதன் நெருங்கிய உறவினமான வேறொரு புழு. இரண்டையும் அருகருகே வைத்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்று சொல்லும்படி அவ்வளவு ஒற்றுமை! அந்த ஒற்றுமையால் விளைந்த குழப்பத்தையும், அக்குழப்பத்தை விஞ்ஞானிகள் எப்படித் தீர்த்தார்கள் என்பதையும், அதனைத் தீர்க்காமல் விட்டால் ஒரு நாட்டின் உழவர்களுக்கு என்ன நேரும் என்பதையுமே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்துப்பூச்சி என்பது யாது என்பதை நினைவூட்டிக் கொள்வோம். இரவில் விளக்கைச் சுற்றி வட்டமிடும் விட்டிலை நாம் எல்லோரும் அறிவோம். அதுவும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றின் இறகுகளைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டும். அந்தப் பொடியே அவற்றின் செதில். ஓட்டு வீட்டின் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அச்செதில்களின் நிறமே இறகின் நிறமாகும். செதிற்சிறகுப் பூச்சிகள் எனப்படும் இவ்வகுப்பில் ஏறத்தாழ 1,60,000 இனங்களுக்குப் பெயர் இடப்பட்டிருக்கிறது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அந்துப்பூச்சிகளே. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்னும் நான்கு பருவங்களும் அவற்றுக்கு உண்டு. நமக்குத் தீங்கு செய்வது புழுப் பருவம். தன் இனத்தைப் பெருக்குவது பூச்சிப் பருவம்.

இத்தனை இனங்களை எப்படிப் பிரித்தறிந்தார்கள்? நெடுங்காலம் வரை இறகைப் பார்த்தே பிரித்தார்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்னும் ஆங்கிலேயர், அங்கே அந்துப்பூச்சிகளின்பால் கொண்ட ஆர்வத்தால் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பூச்சியியல் அறிஞரானார். இந்தியாவின் அந்துப்பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நான்கு பெருந்தொகுதிகள் 1892 முதல் 1896 வரை வெளிவந்தன. இறகின் நிறம், கோடுகளின் வளைவு, புள்ளிகளின் இடம், நரம்புகளின் அமைப்பு, உணர்கொம்பின் வடிவம் ஆகிய இவையே அக்காலத்து அறிஞர்களின் முதன்மையான சான்றுகள். இன்றும் பல்லாயிரம் இனங்களுக்கு இச்சான்றுகள் போதும்.

ஆனால் இறகு இரண்டு வகையில் நம்மை ஏமாற்றக்கூடும். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வந்த பூச்சிகளே நிறத்தில் வேறுபடுவதுண்டு. வெப்பம் மிகுந்த காலத்தில் பிறந்தது வெளிறியும், குளிர்காலத்தில் பிறந்தது கறுத்தும் இருக்கலாம். பல நாள் பறந்து செதில் உதிர்ந்த பூச்சியோ எந்த நிறமும் இல்லாமல் நிற்கும். இவற்றை வெவ்வேறு இனம் என்று கொண்டால் பிழை. இது முதல் ஏமாற்றம். இரண்டாவது இதற்கு நேர்மாறானது. உண்மையில் வேறு வேறான இனங்கள் ஒரே இறகை அணிந்து நிற்கும். காக்கையும் குயிலும் நிறத்தால் ஒன்று. வாயைத் திறந்தால் வேறு வேறு. ஆனால் அந்துப்பூச்சி வாயைத் திறந்து கூவுவதில்லையே! அதன் வேற்றுமையை வேறு எங்கேனும் தேட வேண்டும்.

சில சமயம் அந்த வேற்றுமை அதன் இளமைப் பருவத்தில் இருக்கும். ஐரோப்பாவில் குத்துவாள் போன்ற கருங்குறிகளை இறகில் உடைய இரண்டு அந்துப்பூச்சிகள் உண்டு. சாம்பல் குத்துவாள், கருங்குத்துவாள் என்று பொருள்படும் பெயர்களால் அவற்றை ஆங்கிலேயர் அழைக்கிறார்கள். பூச்சியைப் பார்த்து இன்னது என்று உறுதியாகச் சொல்லத் தேர்ந்தவர்களாலும் இயலாது. ஆனால் அவற்றின் புழுக்களைக் குழந்தையும் பிரித்துவிடும். ஒன்றின் முதுகில் மஞ்சள் பட்டையும், கறுத்து உயர்ந்த ஒரு திமிலும் இருக்கும். மற்றொன்றின் முதுகில் செம்மையும் வெண்மையும் கலந்த பட்டை. திமிலோ மிகக் குட்டையானது. பூச்சியை மட்டும் கண்டவன் ஒன்று என்பான். புழுவை வளர்த்துப் பார்த்தவன் இரண்டு என்பான். ஆகவே, ஒரு பருவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது நாம் கற்க வேண்டிய முதற்பாடம்.

இனிக் காய்ப்புழுவுக்கு வருவோம்.

நம் நாட்டுக் காய்ப்புழுவின் விஞ்ஞானப் பெயர் ஹெலிகோவெர்ப்பா ஆர்மிஜெரா. ஆர்மிஜெரா என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஆயுதம் தாங்கியது என்று பொருள். அதற்கு இப்பெயரை இட்டவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஜேக்கப் ஹூப்னர். காலம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அமெரிக்க இனத்துக்கு ஹெலிகோவெர்ப்பா சீயா என்பது பெயர். சீயா என்பது மக்காச்சோளத்தின் விஞ்ஞானப் பெயர். அப்புழு மக்காச்சோளக் கதிரின் நுனியில் புகுந்து மணிகளைத் தின்பதால் அப்பெயர் பொருத்தமே. 1850-இல் போடி என்பவர் அதனைத் தனி இனமாகப் பெயரிட்டார். ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. இரண்டு பூச்சிகளும் உருவில் ஒன்றாக இருந்தமையால், உலகெங்கும் பரவிய ஒரே இனம் என்று நூல்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. 'அமெரிக்கன் காய்ப்புழு' என்னும் பெயர் அக்காலத்தில் எவருக்கும் முரணாகத் தோன்றியிராது.

முதல் விரிசல் ஆஸ்திரேலியாவில் கண்டது. அந்நாட்டு வயல்களில் நாசம் செய்த காய்ப்புழு ஒன்றல்ல, இரண்டு இனங்களே என்பதை அயன் காமன் என்னும் அறிஞர் 1953-இல் விளக்கினார். ஒன்று நம் ஆர்மிஜெரா. மற்றொன்று ஆஸ்திரேலியாவுக்கே உரிய பங்டிஜெரா. இங்கே உற்றுப் பார்ப்பவருக்கு அடையாளம் உண்டு. ஆர்மிஜெராவின் பின்சிறகின் ஓரத்திலுள்ள கரும்பட்டையின் நடுவே ஒரு வெளிறிய திட்டு இருக்கும். பங்டிஜெராவில் அத்திட்டு இராது. வளர்ந்த புழுவின் தலைக்குப் பின்னால் உள்ள மயிர்கள் ஆர்மிஜெராவில் வெண்மை, பங்டிஜெராவில் கருமை.

"மயிர் வெளுத்தால் என்ன, கறுத்தால் என்ன? இரண்டும் பருத்தியைத் தின்னும் புழுதானே!" என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் என் மாணவர்களும் இவ்வாறு கேட்பதுண்டு. அதற்கு விடையை ஆஸ்திரேலிய உழவர்கள் கைப்பொருளை இழந்து கற்றார்கள். பூச்சிமருந்தைத் தெளித்தபோது பங்டிஜெரா மடிந்தது. ஆர்மிஜெராவோ நாளடைவில் மருந்தைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. ஆகவே வயலில் இருப்பது எது என்று அறியாமல் தெளித்தால், மருந்தும் வீண், கூலியும் வீண், பயிரும் பாழ். மயிரின் நிறத்தில் ஒரு பருவத்தின் வருமானம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் ஆர்மிஜெராவுக்கும் அமெரிக்காவின் சீயாவுக்கும் இடையில் இத்தகைய மயிரடையாளமும் கிடையாது. இரண்டும் விரித்த இறகில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அளவு. இரண்டுக்கும் முன்சிறகு மங்கிய மஞ்சளும் பழுப்பும். நடுவே சிறுநீரக வடிவில் ஒரு கறை. இரண்டின் புழுக்களும் பச்சை முதல் பழுப்பு வரை பல நிறம் காட்டும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் கனடா நாட்டின் டேவிட் ஹார்ட்விக். 1965-இல் வெளியான அவருடைய பெருநூல், பல கண்டங்களிலிருந்து திரட்டிய பூச்சிகளை ஒப்பிட்டு, பழைய உலகின் இனம் வேறு, புதிய உலகின் இனம் வேறு என்று நிலைநாட்டியது. ஹெலிகோவெர்ப்பா என்னும் பேரினப் பெயரை வகுத்தவரும் அவரே.

அவர் எதைக் கண்டு அவ்வாறு துணிந்தார்? இறகை விட்டு, உடலின் உள்ளே சென்றார். அந்துப்பூச்சியின் வயிற்று நுனியில் இனப்பெருக்க உறுப்புகள் உள்ளன. கைட்டின் என்னும் கடினப் பொருளால் ஆன பகுதிகள் அவற்றில் பல உண்டு. அவற்றின் வடிவம் ஒவ்வோர் இனத்திலும் பெரும்பாலும் தனித்தன்மை உடையதாக இருக்கும். இந்தச் சான்றைப் பயன்படுத்தும் முறை புதியதன்று. பிரிட்டனின் இரவுப்பூச்சிகளைப் பற்றி எஃப். என். பியர்ஸ் என்பவர் 1909-இலேயே இவ்வகையில் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார்.

இந்த ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். உலர்ந்த பூச்சியின் வயிற்றை மெல்ல ஒடித்தெடுத்து, காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் இட்டுச் சூடாக்குவார்கள். கொழுப்பும் தசையும் கரைந்து போகும். கைட்டின் மட்டும் கரையாமல் நிற்கும். அதனை நீரில் கழுவி, மெல்லிய தூரிகையால் செதில்களை நீக்கி, சாயம் ஏற்றி, உருப்பெருக்கியின் கீழ் வைப்பார்கள். ஆண் உறுப்பின் உள்ளே, சட்டைக்கையை உட்புறமாக இழுத்து விட்டாற்போல, வெசிகா எனப்படும் மெல்லிய பை ஒன்று மடிந்து கிடக்கும். நுண்ணிய ஊசிக்குழல் வழியாக நீரைச் செலுத்தினால் அது வெளிப்பட்டு விரியும். அந்தப் பையின் அடிப்பகுதியை நோக்க வேண்டும். அங்கே ஒரே ஒரு சிறு புடைப்பு இருந்தால் அது ஆர்மிஜெரா. மூன்று புடைப்புகள் இருந்தால் அது சீயா. உலகின் இரு பாதிகளைப் பிரிக்கும் அடையாளம் கடுகளவும் இல்லாத ஓர் உறுப்பின் அடியில் ஒளிந்திருந்தது!

எனினும், உருவச் சான்று எவ்வளவு நுட்பமாயினும், ஒரு கேள்வியை அது தானே தீர்த்துவிடாது. புடைப்பு ஒன்றா மூன்றா என்பதை வைத்து இவை இரண்டு இனம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இனம் என்றால் என்ன? எர்ன்ஸ்ட் மேயர் என்னும் உயிரியல் அறிஞர் 1942-இல் வகுத்த இலக்கணம் பெரிதும் மதிக்கப்படுகிறது. தமக்குள் கலந்து இனம் பெருக்கி, பிற கூட்டங்களோடு கலவாமல் இயற்கையில் தனித்து நிற்கும் கூட்டமே இனம் என்பது அவர் கருத்து. இவ்விலக்கணத்தை உரைகல்லாகக் கொண்டு நம் காய்ப்புழுவை உரசிப் பார்ப்போம்.

அந்துப்பூச்சிகளின் காதல் மொழி மணமே. பெண் பூச்சி இரவில் ஒரு மணப்பொருளைக் காற்றில் விடுகிறது; ஆண் பூச்சி அதனை நுகர்ந்து தேடி வருகிறது. நம் உழவர்கள் வயலில் தொங்கவிடும் இனக்கவர்ச்சிப் பொறி இந்த மணத்தை வைத்தே செய்யப்பட்டது. நம் நாட்டில் ஆர்மிஜெராவின் உறவினமாக அஸ்ஸல்ட்டா என்று ஒன்று உண்டு. அது புகையிலை, மிளகாய் முதலிய சில செடிகளையே நாடும். ஆர்மிஜெராவும் அஸ்ஸல்ட்டாவும் ஒரே இரண்டு மணப்பொருள்களைத்தான் கலந்து விடுகின்றன. ஆனால் ஆர்மிஜெராவில் பெரும்பங்காக இருப்பது அஸ்ஸல்ட்டாவில் சிறுபங்கு. அதில் சிறுபங்காக இருப்பது இதில் பெரும்பங்கு. சரக்கு ஒன்றே, அளவு தலைகீழ். அளவு மாறினால் மருந்து மாறுவது போல, இங்கே மணம் மாறி இனமும் பிரிந்து நிற்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இவ்விரண்டையும் ஒரே கூண்டில் வைத்துச் சீன ஆராய்ச்சியாளர்கள் கலப்புச் செய்து பார்த்திருக்கிறார்கள். அஸ்ஸல்ட்டாப் பெண்ணும் ஆர்மிஜெரா ஆணும் கூடியபோது நல்ல மக்கள் பிறந்தன. ஆனால் ஆர்மிஜெராப் பெண்ணும் அஸ்ஸல்ட்டா ஆணும் கூடியபோது ஆண் மக்கள் பிறந்தன. உறுப்புகள் சரிவர அமையாத மலடுகளும் பிறந்தன. இயல்பான பெண் மட்டும் பிறக்கவில்லை. இது தற்செயலன்று. ஜே. பி. எஸ். ஹால்டேன் 1922-இல் ஒரு விதியை எடுத்துரைத்தார். இரண்டு இனங்களின் கலப்பில் ஏதேனும் ஒரு பால் குன்றினால், அது இரண்டு வேறுபட்ட பால் குரோமோசோம்களை உடைய பாலாகவே இருக்கும் என்பது அவ்விதி. மனிதரில் அது ஆண். கோழியிலும் அந்துப்பூச்சியிலும் அது பெண். ஆகவேதான் இங்கே பெண் இல்லாமற் போயிற்று. இந்த ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து இங்கேயே தங்கி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

இந்த உரைகல்லில் ஆர்மிஜெராவையும் சீயாவையும் உரசினால் விடை வேறாக வருகிறது. இரண்டின் மணமும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றுக்கு வைத்த பொறியில் மற்றொன்றும் விழும். ஆய்வுக்கூடத்தில் கலந்தால் மக்கள் பிறக்கின்றன; அம்மக்களும் இனம் பெருக்குகின்றன. அப்படியானால் இயற்கையில் இவற்றைப் பிரித்து வைத்திருந்தது எது? கடல் ஒன்றே! உருவம் இரண்டு என்றது. கலப்பு ஒன்று என்னாமல் ஒன்று என்றது. இந்த வழக்கில் மூன்றாவது சாட்சி தேவைப்பட்டது. மரபணுவே அந்தச் சாட்சி.

குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கலாமா என்றால், சில அந்துப்பூச்சிகளில் அது பயன்படும். பட்டுப்புழுப் பூச்சிக்கு 28 இணைக் குரோமோசோம்கள். ஜப்பானில் வாழும் அதன் காட்டுறவினத்துக்கு 27. ஆனால் ஆர்மிஜெரா, சீயா இரண்டுக்கும் 31 இணைகள்; எண்ணிக்கை உதவாது. அவற்றின் உள்ளே எழுதியிருப்பதைப் படித்தாக வேண்டும்.

உயிரின் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பகுதி உயிரணுவின் கருவில் உள்ளது. ஒரு சிறு பகுதி மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பில் உள்ளது. 2003-இல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் ஒரு யோசனை கூறினார்கள். மைட்டோகாண்டிரியாவின் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்தால், கடைப்பொருளின் மேல் ஒட்டிய பட்டைக் கோடுபோல, அது விலங்கின் இனத்தைக் காட்டிவிடும் என்றார்கள். அவர்கள் சோதித்தவற்றுள் 200 இனங்கள் செதிற்சிறகுப் பூச்சிகளே. பூச்சியின் ஒரு கால் போதும். முட்டையோ புழுவோ போதும். இறகு உதிர்ந்திருந்தாலும் தடையில்லை. உருவ ஆய்வுக்கு வளர்ந்த பூச்சி வேண்டும், அதுவும் மேற்சொன்ன அடையாளத்துக்கு ஆணே வேண்டும் என்ற குறை இதில் இல்லை.

2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பல நாடுகளின் ஆர்மிஜெராவும் அமெரிக்காவின் சீயாவும் மைட்டோகாண்டிரியா வழியாக ஒப்பிடப்பட்டன. ஆர்மிஜெராவின் குலத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து அமெரிக்காவில் குடியேறி, சீயாவாக வளர்ந்தது என்பது அதன் முடிவு. 2017-இல் இரண்டு இனங்களின் மரபுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. இரண்டிலும் பல்லாயிரம் மரபணுக்கள். ஆனால் செடிகளின் சுவையை உணரும் மரபணுக்களிலும், செடியின் நஞ்சை முறிக்கும் மரபணுக்களிலும் சிலவற்றைச் சீயா இழந்திருக்கிறது. ஆர்மிஜெரா நூற்றுக்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தின்பதும், சீயா அவ்வளவு பலவற்றை நாடாததும் இதனோடு பொருந்துகின்றன. மூன்றாவது சாட்சியும் இரண்டு என்றே சொல்லிற்று. எத்தகைய இரண்டு என்பதையும் சொல்லிற்று.

இந்த அறிவு ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதைப் பிரேசில் நாட்டில் நடந்தது காட்டும். 2012-13 பருவத்தில், அந்நாட்டின் பாகியா மாநிலத்துப் பருத்தி, சோயா வயல்களில் காய்ப்புழு பெருகியது. சீயா அங்கே பழகிய பூச்சி. மக்காச்சோளத்தில் எப்போதும் உள்ளது. ஆகவே இதுவும் அதுதான் என்று முதலில் கருதப்பட்டது. ஆனால் இப்புழுவின் நடத்தை பழைய நடத்தையாக இல்லை. மருந்துக்கு அடங்கவில்லை, சோயாவையும் பருத்தியையும் ஒருசேரத் தாக்கியது. அறிஞர்கள் வயிற்றை ஒடித்து வெசிகாவை விரித்தார்கள், ஒரே புடைப்பு! மைட்டோகாண்டிரியாவைப் படித்தார்கள், அதுவும் ஆர்மிஜெரா என்றது. 2013-இல் இச்செய்தி வெளியாயிற்று. அதுவரை அமெரிக்கக் கண்டத்தில் இல்லை என்று எண்ணப்பட்ட பூச்சி கடலைக் கடந்துவிட்டது.

அதைவிட வியப்பான ஒன்று பின்னர் தெரிந்தது. பழைய சேகரிப்புப் பெட்டிகளில் இருந்த பூச்சிகளை மீண்டும் எடுத்துச் சோதித்தபோது, 2008-ஆம் ஆண்டிலேயே பிடிக்கப்பட்ட ஆர்மிஜெராக்கள் அவற்றுள் கிடைத்தன. பல ஆண்டுகளாக அது உள்ளே இருந்தும், உடன்பிறப்பின் முகத்தை அணிந்திருந்தமையால் எவர் கண்ணிலும் படவில்லை. அந்த ஆண்டுகளில் அதனை அறிந்திருந்தால் உழவர்கள் முன்னதாகவே விழித்திருக்கலாம். 2015-இல் அது வட அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஒரு பொறியில் சிக்கியது. நம் உழவர்கள் வழங்கும் பெயர் அறியாமலே ஓரளவு மெய்யாகிவிட்டது என்று இப்போது சொல்லலாம்!

கடல் என்னும் வேலி நீங்கியதும் இயற்கையே கலப்புச் சோதனையைத் தொடங்கிவிட்டது. இங்கேதான் மரபணுச் சாட்சியையும் நாம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. மைட்டோகாண்டிரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஆர்மிஜெராத் தாய்க்கும் சீயாத் தந்தைக்கும் பிறந்த கலப்பினப் பூச்சியை மைட்டோகாண்டிரியா கொண்டு சோதித்தால், அது தாயின் பெயரை மட்டும் சொல்லும். தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. சாட்சி பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிதான் சொல்லிற்று. ஆகவே கருவிலுள்ள டி.என்.ஏ.யையும் படித்தார்கள். பிரேசிலில் இரண்டு இனங்களும் கலந்த பூச்சிகள் உள்ளன என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

அக்கலப்பினால் என்ன கை மாறியது? ஆர்மிஜெராவில் அடுத்தடுத்து இருந்த இரண்டு மரபணுக்கள் முறிந்து ஒட்டி, ஒரு புதிய மரபணு உண்டாகியிருந்தது. அது பென்வாலரேட் என்னும் பூச்சிமருந்தைச் சிதைத்துவிடும் என்று ஜெர்மனியின் ஜேனா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் கண்டிருந்தார்கள். பழைய உலகத்தில் தோன்றிய அந்த மரபணு இப்போது பிரேசிலின் சீயாவுக்குள் புகுந்து பரவியிருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. மருந்துக்கு மடிந்து வந்த பழைய பூச்சி, புதிதாக வந்த உறவினத்திடமிருந்து கேடயத்தை வாங்கிக்கொண்டது! ஆயினும் இரண்டும் கலந்து ஒரே குழம்பாகிவிடவில்லை. மரபுத் தொகுதியின் பெரும்பகுதியில் சீயா சீயாவாகவே, ஆர்மிஜெரா ஆர்மிஜெராவாகவே நிற்கின்றன. இனங்களுக்கு இடையிலுள்ள எல்லை கோட்டைச் சுவரன்று, வயல் வரப்பு. பெருவெள்ளத்தில் சிறிது நீர் வரப்பைக் கடந்து செல்லும். அதனால் வரப்பே இல்லை என்றாகிவிடாது.

மாணவ நண்பர்களே, இவ்வளவையும் கேட்டபின், உருவ ஆராய்ச்சி பழையது, மரபணு ஆராய்ச்சி புதியது, ஆகவே பழையதை விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். 650 எழுத்துகளைப் படித்த கருவி அவற்றை எதனோடு ஒப்பிடுகிறது? முன்பே ஒருவர் வயிற்றை ஒடித்து, உறுப்பைக் கண்டு, பெயர் உறுதி செய்து வைத்த பூச்சியின் எழுத்துகளோடுதான். அந்த மூலப்பெயர் பிழையானால் கருவி அந்தப் பிழையையே விரைவாகத் திருப்பிச் சொல்லும். மறுபுறம், புழுவையும் முட்டையையும் பெண்ணையும் கலப்பினத்தையும் பிரிக்க உருவம் தடுமாறும் இடத்தில் மரபணு கை கொடுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இரு கணக்குப் புத்தகங்கள். இரண்டிலும் கூட்டுத்தொகை ஒத்திருந்தால் நாம் நிம்மதி அடையலாம். ஒவ்வாதிருந்தால் அங்கேதான் புதிய உண்மை மறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

இந்த வேலையில் உங்களுக்கும் பங்கு உண்டு. கல்லூரியில் பூச்சிகளைச் சேகரிப்பவர்கள், விளக்குப் பொறியில் விழுந்ததைப் பெட்டியில் குத்தி வைத்து, அழகான இறகைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். எந்த ஊர், எந்த நாள், எந்தச் செடி என்று ஒரு சிறு சீட்டில் எழுதி ஊசியில் கோத்து வையுங்கள். இயலுமானால் புழுவைப் பிடித்து, அது தின்ற இலையையே கொடுத்து வளர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பருவத்தையும் வரைந்து வையுங்கள். சேதமடைந்தது, நிறம் மங்கியது என்று எதனையும் எறிந்துவிடாதீர்கள். பிரேசிலில் 2008-ஆம் ஆண்டின் பூச்சிகள் பிற்காலத்தில் பேசியதற்குக் காரணம், அவற்றைப் பிடித்தவர் ஊரையும் நாளையும் எழுதி வைத்திருந்ததுதான். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அவை வெறும் உலர்ந்த பூச்சிகள்.

நீங்கள் இன்று குத்தி வைக்கும் பூச்சியின் பெயர் பிற்காலத்தில் மாறலாம். ஒன்று என்று நீங்கள் எழுதியதை இரண்டு என்று வேறொருவர் திருத்தலாம். அதனால் உங்கள் உழைப்பு வீணாகாது. அவர் திருத்துவதற்கு வேண்டிய பொருளைத் தந்தவர் நீங்களே ஆவீர்கள். நாளை நம் வயல்களுக்கு எந்தப் புதிய விருந்தாளி எந்தப் பழைய முகத்தோடு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்த நாளிலேயே அதன் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்க வேண்டும். அவர்களுள் சிலர் இப்போது இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.